நெல்லுக்கு நாற்றங்கால் பெரிதா, களம் பெரிதா?

‘விளையும் பயிர் முளையிலே தெரியும்’ என்பார்கள். ‘கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை’ என்றும் சொல்வார்கள். காவிரி டெல்டாவில் இரண்டையும் ஒரே ஆள் ஒரே பருவத்தில் சொல்லக் கேட்கலாம். ஜூனில் முதலாவது, அக்டோபரில் இரண்டாவது. தொடக்கம் முக்கியமா, கடைசி முக்கியமா என்று பொதுவில் பேசினால் அது பட்டிமன்றத்தில்தான் போய் நிற்கும். நெல்லில் வைத்துப் பார்த்தால் கிலோவிலும் நாளிலும் கணக்குப் போட்டுப் பதில் சொல்ல முடியும்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடலாம். நெல்லில் தொடக்கத் தவறுகள் பெரும்பாலானவற்றுக்கு மாற்று உண்டு, செலவும் குறைவு. கடைசித் தவறுகளுக்கு மாற்று அநேகமாகக் கிடையாது. தொடக்கத்தில் எடுக்கும் ஒரே ஒரு தீர்மானம் மட்டும் இதில் விதிவிலக்கு: எந்த ரகத்தை எந்தத் தேதியில் விதைப்பது என்பது. விதைக்கும் அன்றே அறுவடையின் தலைவிதியை எழுதிவிடுவது அதுதான்.

விதையில் இருக்கும் உபரி

குறுவைக்கான, அதாவது ஜூனில் தொடங்கி மழைக்கு முன் அறுக்கும் பட்டத்துக்கான, குறுகிய கால ரகத்துக்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்லும் விதையளவு ஹெக்டேருக்கு 60 கிலோ, அதாவது ஏக்கருக்கு 24 கிலோ. அம்பை 16 போன்ற குண்டு ரகத்தில் ஆயிரம் மணி சுமார் 24 கிராம் இருக்கும். ஆக, ஏக்கருக்கு 10 லட்சம் விதை. சான்று விதைக்குக் குறைந்தபட்ச முளைப்புத் திறன் 80 சதவீதம் என்பதால் 8 லட்சம் நாற்றாவது எழும்ப வேண்டும். சதுர மீட்டருக்கு 50 குத்து (நாற்றைச் சேர்த்து நடும் இடம்), குத்துக்கு 2 முதல் 3 நாற்று என்று நட்டால் ஏக்கருக்குத் தேவை 4 முதல் 6 லட்சம்தான். நண்டு வெட்டியது, குருவி தின்றது, பறிக்கும்போது அறுந்தது எல்லாம் போனாலும் கையில் மிச்சம் இருக்கும். திருந்திய நெல் சாகுபடியில் ஏக்கருக்கு 3 கிலோ விதை, 25 சென்டிமீட்டருக்கு ஒரு நாற்று, மொத்தம் 64,000 நாற்று. அங்கேயும் விதை எண்ணிக்கை தேவையைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு.

இந்த உபரிதான் தொடக்கத்துக்குப் பாதுகாப்பு. அதற்காக விதையை அலட்சியமாக எடுத்துக்கொள்ளச் சொல்லவில்லை. உப்புக் கரைசலில் போட்டுத் தரம் பிரிக்க அரை மணி நேரம் போதும். 10 லிட்டர் தண்ணீரில் ஒன்றரை கிலோ அளவுக்குக் கல்லுப்பைக் கரைத்து, புதிதாக இட்ட கோழிமுட்டை ஒன்றைப் போட்டுப் பார்க்க வேண்டும். முட்டை மூழ்கினால் உப்பு போதாது. மேல்பகுதி பழைய 25 காசு அகலத்துக்கு வெளியே தெரியும்படி மிதந்தால் கரைசல் சரி. விதையைக் கொட்டிக் கிளறினால் பதரும் அரைவயிறு மணியும் மேலே வரும்; அவற்றை அள்ளிக் கோழிக்குப் போட்டுவிடலாம். அடியில் தங்கியதை நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசாவிட்டால் உப்பே முளைப்பைக் கெடுத்துவிடும். முட்டை பழையதாக இருந்தால் உப்பு குறைவான கரைசலிலும் மிதக்கும், சோதனையே வீண். பிறகு கிலோவுக்கு 10 கிராம் சூடோமோனாஸ் (நோயைத் தடுக்கும் நுண்ணுயிர்ப் பொடி) கலந்து ஊறவைத்து, தண்ணீரை வடித்து, ஈரச் சாக்கில் ஒரு நாள் கட்டிவைத்தால் வெள்ளை முளை எட்டிப் பார்க்கும்.

நாற்றங்கால் ஏக்கருக்கு 8 சென்ட் போதும். இங்கே அடிக்கடி நேரும் கோளாறு முளைக்காமல் போவதல்ல, களிமண்ணில் நாற்றுப் பறிக்கும்போது வேர் அறுபடுவது. விதைத்த 10-ஆம் நாள் சென்டுக்கு 4 கிலோ ஜிப்சமும் ஒரு கிலோ டிஏபி உரமும் இட்டால் நாற்று இலகுவாக வரும். வேர் அறுந்த நாற்றை நட்டால் பச்சை பிடிக்கவே கூடுதல் நாள் எடுக்கும். அந்த நாள்கள் எங்கிருந்து கழிகின்றன என்பதுதான் தொடக்கத்தின் உண்மையான கணக்கு.

நாற்றின் வயது

நெற்பயிரின் ஆயுளில் கடைசி 65 நாள் எல்லா ரகத்துக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். கதிர் உருவாகத் தொடங்கியதிலிருந்து பூக்க 35 நாள், பூத்து முற்ற 30 நாள். 110 நாள் ரகத்துக்கும் 155 நாள் ரகத்துக்கும் உள்ள வித்தியாசம் முழுவதும் அதற்கு முந்தைய வளர்ச்சிப் பருவத்தில்தான். 110 நாள் ரகத்துக்கு அது 45 நாள், 155 நாள் ரகத்துக்கு 90 நாள். தூர் வெடிப்பது, அதாவது செடியின் அடியிலிருந்து பக்கத் தண்டுகள் கிளைப்பது, இந்தக் காலத்தில்தான்; ஏக்கருக்கு எத்தனை கதிர் என்பதும் இங்கேதான் தீர்மானமாகிறது.

110 நாள் ரகத்தை 20 நாள் நாற்றாக நட்டால் கதிர் உருவாகும் வரை வயலில் 25 நாள் மிச்சம். நட்ட அதிர்ச்சி தெளிய 7 நாள் போனாலும் தூர் கட்ட 18 நாள் உண்டு. தண்ணீர் வரவில்லை, ஆள் கிடைக்கவில்லை என்று தள்ளிப் போட்டு அதே நாற்றை 35-ஆம் நாள் நட்டால் மிச்சம் 10 நாள், அதில் 7 போக மூன்றே நாள். நாற்று பச்சைப்பசேல் என்றுதான் இருக்கும். வரப்பிலிருந்து பார்ப்பவருக்குக் குறையே தெரியாது. பயிரோ தூர் கட்டாமல் தாய்ச்செடியிலேயே அவசரக் கதிர் தள்ளிவிடும். வயது கூடிய நாற்றில் ரகத்தின் மொத்த நாள் கொஞ்சம் நீளும் என்பது உண்மைதான். இழந்த 15 நாளை அது ஈடுகட்டாது.

சி.ஆர். 1009 போன்ற நீண்ட கால ரகத்தில் இதே 15 நாள் தாமதம் இவ்வளவு வலிக்காது. 40 நாள் நாற்றை நட்டாலும் 50 நாள் இருக்கிறது. மாதத்துக்கு ஒரு வாரம் என்று நாற்றின் வயதைக் கணக்கிடும் பழைய வழக்கம், நாலு மாதப் பயிருக்கு நாலு வார நாற்று என்பது, இந்த விகிதத்தைத்தான் பிடித்து வைத்திருக்கிறது. ஆக, ‘நல்ல தொடக்கம்’ எவ்வளவு முக்கியம் என்பது பயிர் எவ்வளவு நாள் வாழப் போகிறது என்பதைப் பொறுத்தது. குறுவைக்குத் தொடக்கம் உயிர். ஆகஸ்டில் தொடங்கும் நீண்ட நாள் பயிரான சம்பாவுக்கு அது தாராளம்.

அப்படியே பிசகினாலும் செய்ய வழி இருக்கிறது. நாற்றங்கால் முற்றிலும் கெட்டுவிட்டால் மறுவிதைப்பு ஒன்று. ஏக்கருக்கு 24 கிலோ விதையும் மூன்று வாரமும்தான் செலவு. நட்ட 7 முதல் 10 நாளுக்குள் விழுந்த குத்துகளை நிரப்பலாம். முதிர்ந்த நாற்றைத்தான் நட்டாக வேண்டும் என்றால் அடியுரமாக இடும் தழைச்சத்தைப் பரிந்துரைத்த அளவைவிட 50 சதவீதம் கூட்டலாம். குத்துக்கு எட்டு பத்து நாற்று என்று கொத்தாக நடுவது பலரும் செய்யும் பரிகாரம். அது புதுத் தூரை இன்னும் அமுக்கும் என்பதால் பலன் நேர்மாறு. ஆழமும் அப்படித்தான். 3 சென்டிமீட்டருக்கு மேல் புதைத்தால் தூர் வெடிக்கும் கணு மண்ணுக்குள் போய்விடும்.

கடைசி முப்பது நாள்

பூத்த பிறகு பயிரிடம் உபரி எதுவும் இல்லை. கதிர் எண்ணிக்கை முடிந்துவிட்டது, கதிரில் மணி எண்ணிக்கையும் முடிந்துவிட்டது. மணிக்குள் மாவு ஏறுவது ஒன்றுதான் பாக்கி. அந்த மாவில் பெரும்பகுதி பூத்த பின் மேல் இலைகள் தயாரித்து அனுப்புவது. கதிர் நுனியிலிருந்து அடி நோக்கி நிரம்பும். தண்ணீரை முன்கூட்டியே வடித்துவிட்டால் நுனி மணி திரண்டிருக்க, அடி மணி உள்ளே மாவில்லாத கருக்காயாக நிற்கும். களிமண்ணில் அறுவடைக்கு 10 முதல் 15 நாள் முன்பும், இளகிய மண்ணில் ஒரு வாரம் முன்பும் வடித்தால் போதும். வடிக்காமலே விட்டால் அறுவடை வண்டி சேற்றில் இறங்கும். டயர் வண்டி இறங்காத வயலுக்குப் பெல்ட் வண்டியைத் தேட வேண்டும், அது வர இரண்டு நாள் ஆகும். அந்த இரண்டு நாளில்தான் பெரும்பாலும் மழை வரும்.

எப்போது அறுப்பது? கதிரில் 80 சதவீத மணி வைக்கோல் நிறத்துக்கு வந்திருக்க வேண்டும். அடி மணி ஒன்றைக் கடித்தால் நறுக்கென்று உடைய வேண்டும், பால் வரக் கூடாது. அப்போது ஈரப்பதம் 20 முதல் 24 சதவீதம் இருக்கும். இலை இன்னும் பச்சையாக இருக்கிறதே என்று காத்திருப்பதில் பயனில்லை. நன்றாகக் காயட்டும் என்று வயலிலேயே விட்டால் வேறொரு சேதம் தொடங்கும்: பகலில் காய்ந்த மணி இரவுப் பனியை உறிஞ்சும், மறுநாள் வெயிலில் மறுபடி காயும். மேல்தோல் விரிந்து சுருங்கும் வேகத்துக்கு உள்மாவு ஈடுகொடுக்காததால் அரிசிக்குள் மயிரிழை வெடிப்பு விழும். உமிக்குள் இருப்பதால் கண்ணுக்குத் தெரியாது. மில்லில் போட்டால் குருணையாகக் கொட்டும். நாற்று நல்லது, உரம் நல்லது, நெல் நல்லது, அரிசி மட்டும் நொய்.

வண்டியை ஓட்டும் விதத்திலும் போகும். காலையில் பனி உலராமல் இறக்கினால் ஈர வைக்கோலோடு மணியும் பின்னால் போய்விடும். உருளை வேகம் கூடினால் மணி உரியும், உடையும். காற்றாடி வேகம் கூடினால் பதரோடு நல்ல நெல்லும் பறக்கும். வண்டி பத்தடி நகர்ந்ததும் நிறுத்தச் சொல்லி, பின்னால் விழுந்த வைக்கோலை உதறிப் பார்ப்பது நல்ல பழக்கம். வாடகை மணிக்கணக்கில் ஓடுவதால் யாரும் நிறுத்தச் சொல்வதில்லை.

அறுத்த நெல்லை 24 மணி நேரத்துக்குள் உலர்த்தத் தொடங்க வேண்டும். 22 சதவீத ஈர நெல்லைக் குவித்துத் தார்ப்பாயால் மூடினால் அது மூச்சுவிட்டுச் சூடேறும். குவியலுக்குள் கையை விட்டாலே தெரியும். அந்தச் சூட்டில் அரிசி மஞ்சளாகிவிடும், மஞ்சள் திரும்ப வெள்ளை ஆகாது. உறக்கநிலை இல்லாத ரகமாக இருந்தால் சில நாளில் முளையும் விடும். மழை விடவில்லை என்றால் கூரை எதன் அடியிலாவது மெல்லிய அடுக்காகப் பரப்பி, சில மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டி, முடிந்தால் மின்விசிறி வைப்பதுதான் செய்யக்கூடியது. மூடி வைப்பது பாதுகாப்பு என்று தோன்றும். ஈர நெல்லுக்கு அதுதான் கேடு.

வெயிலில் காய வைப்பதிலும் அவசரம் ஆகாது. 2 முதல் 4 சென்டிமீட்டர் கனம், அரை மணிக்கு ஒரு முறை புரட்டல், உச்சி வெயிலில் சற்று நேரம் மூடல். தார்ச்சாலையில் மெல்லிசாகப் பரப்பி மதியம் முழுக்க விட்டால் அதே மயிரிழை வெடிப்பு சில மணி நேரத்தில் வந்துவிடும்.

நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் வரம்பு 17 சதவீத ஈரம். சேதமடைந்த, நிறம் மாறிய, முளைத்த மணி எல்லாம் சேர்ந்து 5 சதவீதம் வரை, சுருங்கிய முதிராத மணி 3 சதவீதம் வரை. ஏக்கரில் 2,400 கிலோ நெல், 22 சதவீத ஈரத்தில் கிடைக்கிறது என்று வைப்போம். 17-க்கு இறக்கினால் 2,255 கிலோ; 40 கிலோ சிப்பத்தில் 60 மூட்டை 56 ஆகிறது. போனது தண்ணீர்தான், வருத்தப்பட ஒன்றுமில்லை. ஆனால் வரிசையில் காத்திருக்கும்போது 13 வரை காய்ந்துவிட்டால் இன்னும் 100 கிலோவுக்கு மேல் எடை போகும், அதற்குக் கூடுதல் விலை கிடையாது. ஈரமானியில் பார்ப்பதற்குக் குவியலின் மேல் நெல்லை எடுத்துப் போகக் கூடாது. மேலே 16 காட்டும், நடுவில் 19 இருக்கும், நிலையத்தில் மாதிரி எடுக்கும் குத்தூசி நடுவில்தான் இறங்கும். கனமழைக்குப் பிறகு மத்தியக் குழு வந்து மாதிரி எடுத்து வரம்பைத் தளர்த்துவது உண்டு. ஆணை வரும் வரை நெல் சாலையோரத்தில்தான் கிடக்கும்.

கடைசிக் கட்டத்துக்கு உள்ள ஒரே ஒட்டுவேலை புழுங்கல். ஊறவைத்து அவிக்கும்போது மாவு இளகி வெடிப்பு ஒட்டிக்கொள்ளும், அதனால் பச்சரிசியாகக் குத்தினால் நொறுங்கும் நெல்கூடப் புழுங்கலில் முழு அரிசியாக நிற்கும். தமிழ்நாட்டில் புழுங்கல் அதிகம் புழங்குவதால் வெடிப்புச் சேதம் நம் கண்ணில் அவ்வளவாகப் படுவதில்லை. மஞ்சளுக்கும் முளைப்புக்கும் புழுங்கலாலும் பதில் சொல்ல முடியாது.

தேதி

மேட்டூர் அணையை ஜூன் 12-இல் திறந்து ஜனவரி 28-இல் மூடுவது வழக்கம். வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் தொடங்கும் சராசரித் தேதி அக்டோபர் 20. குறுவையின் கதை முழுக்க ஜூன் 12-க்கும் அக்டோபர் 20-க்கும் இடையில்தான்.

110 நாள் ரகத்தை ஜூன் 20-இல் விதைத்தால் அறுவடை அக்டோபர் 8. மழைக்கு முன் 12 நாள் கிடைக்கும், அறுத்துக் காயவைத்து விற்கப் போதும். வாய்க்காலின் கடைசியில் இருக்கும் கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேர ஜூலை 10 ஆகி அன்றைக்கு விதைத்தால் அறுவடை அக்டோபர் 28. நாற்றங்கால் எவ்வளவு அருமையாக இருந்தாலும் அந்த நெல் மழையில்தான் களத்துக்கு வரும். ஆழ்துளைக் கிணறு வைத்திருப்பவர் மே 25-இல் விதைத்து செப்டம்பர் 12-இல் அறுத்துவிடுவார். மூன்று பேரும் ஒரே விதை, ஒரே உரம் போட்டிருக்கலாம்.

2022-இல் மேட்டூர் மே 24-ஆம் தேதியே திறக்கப்பட்டது. 2024-இல் ஜூலை 28-இல்தான் திறக்க முடிந்தது. இரண்டாம் வகை ஆண்டில் ஆற்றுப் பாசனத்தை நம்பிக் குறுவை போடுவது கணக்கே இல்லாத துணிச்சல். அந்த வயலை விட்டுவைத்து ஆகஸ்டில் சம்பாவுக்குப் போவதுதான் சரி.

சம்பாவிலும் இதே கணக்கு. 155 நாள் ரகம் ஆகஸ்ட் 15-இல் விதைத்தால் ஜனவரி 17, பொங்கலை ஒட்டி. செப்டம்பர் 20-இல் 135 நாள் ரகத்தை விதைத்தால் பிப்ரவரி 2. 2023 பிப்ரவரி முதல் வாரத்தில் டெல்டாவில் பெய்த பருவம் தவறிய மழை இப்படி நின்றிருந்த பயிரைத்தான் சாய்த்தது; அரசு ஹெக்டேருக்கு 20,000 ரூபாய் நிவாரணம் அறிவிக்க வேண்டி வந்தது. நவம்பரில் வெள்ளம் தேங்கும் வயல் என்றால் சி.ஆர். 1009 சப்-1 போன்று இரண்டு வாரம் மூழ்கியிருந்தாலும் தாங்கும் ரகத்தை எடுக்க வேண்டியதும் விதைக்கும் முன்பே செய்ய வேண்டிய தீர்மானம்தான். ‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்பது விதைப்பைப் பற்றிய பழமொழியாகத்தான் பேசப்படுகிறது. தை அறுவடையிலிருந்து பின்னோக்கி எண்ணியவர்கள் சொன்னதாகவே அதை எடுத்துக்கொள்ளத் தோன்றுகிறது.

அதனால் பருவத்துக்கு முன் காலண்டரை எடுக்கும்போது விதைப்புத் தேதியிலிருந்து தொடங்கக் கூடாது. களம் எப்போது காய்ந்திருக்கும் என்று முதலில் குறித்து, அதிலிருந்து ரகத்தின் நாளைக் கழிக்க வேண்டும். கிடைக்கும் தேதி ஏற்கெனவே கடந்திருந்தால் இன்னும் குறைந்த நாள் ரகம். அப்படி ஒன்று இல்லையென்றால் அந்தப் பட்டத்தை விட்டுவிட வேண்டும்.

காப்பீடும் பணமும்

பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தின் விதிகளும் இந்த ஏற்றத்தாழ்வை ஒத்துக்கொள்கின்றன. பிரதமர் பயிர்க் காப்பீட்டில், விதைக்கவே முடியாமல் போனால் காப்பீட்டுத் தொகையில் 25 சதவீதம் கொடுத்து ஒப்பந்தம் முடிந்துவிடும். அந்தக் கட்டத்தில் செலவு அவ்வளவுதான் ஆகியிருக்கும் என்பது அதன் தர்க்கம். அறுவடைக்குப் பிந்திய இழப்புக்கு 14 நாள் வரை பாதுகாப்பு உண்டு, 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். ஆனால் அது அறுத்து வயலிலேயே காயப் போட்ட பயிருக்கானது. வண்டி அறுத்து, களத்திலோ கொள்முதல் நிலைய வாசலிலோ கொட்டிய குவியல் அதில் வராது. முழுச் செலவும் முடிந்து, முழு நெல்லும் ஒரே இடத்தில் கிடக்கும் அந்த நாள்களில்தான் விவசாயிக்குக் காவல் குறைவு.

கையில் மிச்சம் இருப்பது ஐயாயிரம் ரூபாய் என்றால் அதை எங்கே போடுவது? பயிர் நடுவில் நிற்கும்போது கடைக்காரர் நீட்டும் வளர்ச்சி ஊக்கி டானிக்குகளுக்கு அல்ல. முதலில் வடிகாலைத் தூர்வாருவது. வயலில் இறங்கிய மழை ஒரே நாளில் வெளியேறினால் சாய்ந்த கதிரும் பெரும்பாலும் தப்பும். அடுத்து கிழிசல் இல்லாத தார்ப்பாய் இரண்டு. ஒன்று நெல்லின் அடியில் விரிக்க, ஒன்று மேலே போட. அடியில் விரிக்காமல் மேலே மட்டும் மூடுவதுதான் எல்லா ஊரிலும் நடக்கிறது. தரையிலிருந்து ஏறும் ஈரத்தில் அடி நெல் முளைத்து, 5 சதவீத வரம்பை அந்த ஒரு அடுக்கே தாண்டிவிடுகிறது.